‘போ’ என்றால் மரியாதை: மணிலாவில் பிள்ளை வளர்ப்போருக்கு ஒரு வழிகாட்டி

மணிலாவில் பிள்ளை வளர்க்கும் தமிழர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. கணவனோ மனைவியோ பிலிப்பினோவாக இருப்பவர்கள் ஒரு வகை. வேலைக்கு வந்து மகாத்தியிலோ ஓர்த்திகாஸிலோ அடுக்ககம் எடுத்துத் தங்கிவிட்டவர்கள் இன்னொரு வகை. பிள்ளைக்கு ஐந்தாறு வயது ஆகும்போது இரு வீட்டிலும் ஒரே புகார் எழும். ஆங்கிலம் தவிர வேறு பேச்சில்லை. பாட்டி வந்தாலும் டேப்லெட்டிலிருந்து தலை நிமிர்வதில்லை. கீழே காவலாளி சிரித்தால் பதில் சிரிப்பு இல்லை.

பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். 2020-இல் வந்த குடியரசுச் சட்டம் 11476-இன்படி 1 முதல் 6-ஆம் வகுப்பு வரை நன்னடத்தையும், 7 முதல் 10 வரை விழுமியக் கல்வியும் தனிப் பாடங்கள்தான். பிள்ளை அதில் முழு மதிப்பெண்ணும் வாங்கும். ஆனால் ஊர்ப்புறத்தில் இந்தப் பழக்கங்களைச் சொல்லிக்கொடுத்தவை வேலிக்கதவு, மூலைக் கடை, ஜீப்னி என்ற சிறு பேருந்து, பாட்டி வீட்டு முற்றம். 27-ஆவது மாடியில் இவை எதுவும் கிடையாது. இனிச் சொல்லும் பத்துப் படிகளும் பிள்ளையை அந்த இடங்களுக்குத் திரும்பக் கூட்டிப் போவதற்கு.

1. எந்த ஊர்ப் பாட்டி என்று முதலில் கேளுங்கள்

நாடு முழுதுக்கும் ஒற்றைப் பட்டியல் கிடையாது. மணிலாவில் குடியிருந்தாலும் குடும்பத்தின் பூர்வீகம் எதுவோ அதுதான் கணக்கு. துணையின் வீட்டில் மூன்று கேள்வி கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பெரியவர்களிடம் ‘போ’ என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்துப் பேசுவார்களா? கை வாங்கி வணங்கும்போது என்ன சொல்வார்கள்? மூத்தவர்களை எப்படிக் கூப்பிடுவார்கள்?

மணிலா, புலக்கான், பத்தாங்காஸ், லகூனா அடங்கிய தகலோக் மொழி வட்டாரத்தில் ‘போ’ கட்டாயம். பம்பாங்காவில் அதுவே ‘பு’. செபு, தாவாவ் பக்கத்து பிசாயா மொழியில் ‘போ’ வழக்கில் இல்லை. மரியாதை குரலிலும் ‘நோங்’, ‘நாங்’ என்ற விளியிலும் இருக்கும். வடக்கே இலோக்கானோ வீட்டில் ‘வென், அப்போ’ என்றால் ‘ஆமாங்க’. அதே ‘அப்போ’வுக்குத் தகலோக்கில் பேரப்பிள்ளை என்று பொருள்.

இடறும் இடம் இங்கேதான். செபுப் பாட்டியிடம் வளர்ந்த பிள்ளை மணிலாப் பள்ளியில் ‘போ’ இல்லாமல் பேசினால் மரியாதை தெரியாத பிள்ளை என்று பெயர் வாங்கும். அந்த வீட்டுப் பிள்ளைக்கு இரண்டையும் பழக்குங்கள்: பாட்டியிடம் பாட்டி வழக்கு, ஆசிரியரிடம் ‘போ’.

2. ‘போ’ எங்கே உட்காரும்

தமிழ்க் காதுக்கு இது கொஞ்சம் சங்கடம்தான். நாம் விரட்டச் சொல்லும் சொல்லை அங்கே பெரியவருக்கு ஒட்டிவிடுகிறார்கள். ‘ஹிந்தி போ’ என்று ஐந்து வயதுப் பிள்ளை சொல்வதைக் கேட்டால் தமிழ்நாட்டுக்காரர் கோஷமோ என்று திரும்பிப் பார்ப்பார். அதற்குப் பொருள் ‘இல்லைங்க’. நம்முடைய ‘ங்க’ செய்யும் வேலையைத்தான் அங்கே ‘போ’ செய்கிறது. இதைச் சொன்னால் தமிழ் பேசும் பிள்ளைக்குப் பாதிப் பாடம் முடிந்தது.

முதல் இரண்டு வாரம் ஐந்தே சொற்றொடர் போதும்.

‘ஓபோ’ – ஆமாங்க.
‘ஹிந்தி போ’ – இல்லைங்க.
‘சலாமாத் போ’ – நன்றிங்க.
‘ஆனோ போ இயோன்?’ – என்ன சொன்னீங்க?
‘போ?’ – பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கொடுக்கும் பதில்.

கடைசியதுதான் முக்கியம். பெரியவர் கூப்பிடும்போது ‘ஆனோ?’ என்று கேட்டால் ‘என்ன?’ என்று முறைப்பது மாதிரி. ‘போ?’ என்றால் ‘சொல்லுங்க’.

மூன்றாவது வாரத்தில் பன்மைக்கு வாருங்கள். பெரியவரை ‘இகாவ்’, ‘கா’, ‘மோ’ என்று ஒருமையில் சொல்லக்கூடாது. ‘கயோ’, ‘நின்யோ’ என்று பன்மையில் சொல்ல வேண்டும். நகரத்துப் பிள்ளைகள் செய்யும் தவறு ஒருமையோடு ‘போ’வை ஒட்டுவது: ‘குமாயின் கா நா போ?’ இது ‘நீ சாப்பிட்டியாங்க?’ என்பது போல. சரியானது ‘குமாயின் நா போ பா கயோ?’ சிரித்துவிடாதீர்கள், சரியான வடிவத்தை நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு நகருங்கள்.

தொலைபேசியிலும் இன்டர்காமிலும் ‘யார்?’ என்று கேட்க ‘சீனோ போ சீலா?’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் ‘அவர்கள் யாருங்க?’ என்று படர்க்கையில் கேட்பது. இதை விளையாட்டாகவே பழக்கலாம்: பிள்ளை உள்ளே, நீங்கள் கதவுக்கு வெளியே. வெளியே நிற்பவர் ‘தாவ் போ!’ என்று குரல் கொடுக்க வேண்டும். ‘மனுஷன் வந்திருக்கேங்க’ என்று அர்த்தம். அழைப்புமணி உள்ள அடுக்ககத்தில் பிள்ளைக்கு இந்தச் சொல் காதில் விழ வாய்ப்பே இல்லை. ஊர் வீட்டு வேலியருகே போய் மணியைத் தேடிக்கொண்டு நிற்கும்.

3. மானோ: கையில் தொடங்கி நெற்றியில் முடிவது

பெரியவர் உள்ளங்கை கீழே பார்க்கக் கை நீட்டுவார். பிள்ளை வலக்கையால் அவர் விரல்களை ஏந்தி, குனிந்து, அவர் புறங்கையைத் தன் நெற்றியில் தொட்டு ‘மானோ போ’ என்று சொல்ல வேண்டும். பெரியவர் ‘கஆவாஆன் கா நங் தியோஸ்’ என்று ஆசி சொல்வார். நகரத்தில் ஆங்கிலத்திலேயே வாழ்த்திவிடுவார்கள். பிசாயா வீடுகளில் ‘மானோ போ’வுக்குப் பதில் ‘ஆமின்’ என்பார்கள்.

எப்போது: வீட்டுக்குள் நுழைந்ததும், விடைபெறும்போதும், ஆலயத்தில் பூசை (திருப்பலி) முடிந்ததும். யாருக்கு: தாத்தா பாட்டி, ஞானப் பெற்றோர் (திருமுழுக்கில் பிள்ளைக்குத் துணை நிற்பவர்கள்), வயதில் மூத்த மாமா அத்தைகள்.

தவறுகள் சில. பிள்ளை கையை முத்தமிடும். அது வேறு வழக்கம். கையைத் தன் பக்கம் வெடுக்கென்று இழுக்கும். மூட்டுவலிக்காரப் பாட்டிக்கு உயிர் போய்விடும். குனிய வேண்டியது பிள்ளை, உயர வேண்டியது பாட்டியின் கை அல்ல என்று ஒருமுறை செய்து காட்டுங்கள். முப்பது வயதுச் சித்திக்கு எல்லார் முன்னும் மானோ செய்தால் ‘என்னைக் கிழவியாக்கிட்டியே’ என்பார், பாதி வேடிக்கையாக. அவருக்குக் கன்னத்தோடு கன்னம் வைப்பதே போதும். யாருக்கு எது என்று காரில் போகும்போதே சொல்லிவிடுங்கள்.

கூச்சப்படும் பிள்ளையைச் சபையில் தள்ளிவிட்டு ‘மானோ செய், மானோ செய்’ என்று நெருக்க வேண்டாம். நீங்கள் முதலில் போய்ச் செய்யுங்கள். தமிழ் அப்பா தானே குனிந்தால் மாமியார் வீட்டில் அதற்குத் தனி மதிப்பு.

பாட்டி வேறு மாகாணத்தில் இருந்தால் ஞாயிறுதோறும் ஒரே நேரத்தில் பத்து நிமிட வீடியோ அழைப்பு வையுங்கள். பிள்ளை திரையில் நெற்றி சாய்க்கும், பாட்டி சிரிப்பார். பரவாயில்லை, நேரில் போகும்போது கை தானாக நீளும்.

4. யாரை என்ன சொல்லிக் கூப்பிடுவது

அண்ணன் ‘கூயா’, அக்கா ‘ஆத்தே’. ஒரு வயது மூப்பானாலும் வெறும் பெயர் கூடாது. மாமா, சித்தப்பா எல்லாம் ‘தீத்தோ’. அத்தை, சித்தி ‘தீத்தா’. தாய்வழி, தந்தைவழி பேதம் கிடையாது என்பதால் நம் பிள்ளைகளுக்கு இது சுலபம். தாத்தா ‘லோலோ’, பாட்டி ‘லோலா’. பெரிய குடும்பங்களில் இரண்டாவது அண்ணன் ‘தீகோ’, இரண்டாவது அக்கா ‘தீச்சே’ என்று வரிசையும் உண்டு. வீட்டில் புழங்கினால் மட்டும் போதும்.

பட்டியல் வீட்டோடு முடியாது. காவலாளி, லிஃப்ட் சரிபார்க்க வருபவர், கடைப் பையன் எல்லாரும் ‘கூயா’. காசாளர்ப் பெண் ‘ஆத்தே’. பெயர்ப்பட்டையில் பெயர் தெரிந்தாலும் முன்னால் கூயாவோ ஆத்தேயோ சேர்க்க வேண்டும்.

வீட்டில் வேலை செய்பவர் விஷயத்தில் பிள்ளை உங்களைத்தான் பார்க்கிறது. அவருக்குத் தனித் தட்டு, தனி அரிசி என்று வைத்துவிட்டு எல்லாரும் சமம் என்று சொன்னால் எடுபடாது. 2013-இன் குடியரசுச் சட்டம் 10361, அதாவது வீட்டுப் பணியாளர் சட்டம், ஒரு நாளில் 8 மணிநேர ஓய்வு, வாரத்தில் தொடர்ந்து 24 மணிநேர விடுப்பு, பதின்மூன்றாம் மாதச் சம்பளம் எல்லாம் கட்டாயம் என்கிறது. அவருடைய விடுப்பு நாளைக் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டும் நாள்காட்டியில் பிள்ளையே வட்டமிடட்டும். அன்று தன் தட்டைத் தானே கழுவ வேண்டும் என்பதும் அதோடு புரியும்.

5. மூலைக் கடையும் ஜீப்னியும்

இந்த இரண்டுக்கும் ஈடான வகுப்பறை மணிலாவில் இல்லை. செலவு 100 பெசோவுக்குள்.

அடுக்ககத்துக்குப் பின்தெருவில் ஒரு சாரி-சாரி கடை கட்டாயம் இருக்கும். கம்பிவலைக்குப் பின்னால் கடைக்காரர் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியமாட்டார். வலைக்கு முன்னால் நின்று ‘பாபிலி போ!’ என்று கூவ வேண்டும். பிள்ளையிடம் 50 பெசோ நோட்டு ஒன்றும் இரண்டே பொருளும் சொல்லி அனுப்புங்கள்: ஒரு பொட்டலம் சோயா சாறு, இரண்டு முட்டை. நீங்கள் பத்தடி தள்ளி நில்லுங்கள். சில்லறையை எண்ணி வாங்கி ‘சலாமாத் போ’ சொல்லித் திரும்ப வேண்டும். முதல் தடவை குரலே எழும்பாது. கடைக்காரர் வெளியே வர ஐந்து நிமிடம் ஆகும். நீங்கள் போய் உதவினால் அந்த வாரம் வீண்.

ஜீப்னிக்கு ஞாயிறு காலை நல்லது. மாலை 5 முதல் 8 வரை பக்கத்தில் போகாதீர்கள். பழைய வகை ஜீப்னியில் ஏறுங்கள். எதிரெதிரே இரண்டு நீள இருக்கை, நடத்துநர் இல்லை. கடைசியில் இருப்பவர் காசை நீட்டி ‘பாயாட் போ, மாகிகிசூயோ போ’ என்பார். ‘காசுங்க, கொஞ்சம் கொடுத்துவிடுங்க’. காசு முழங்கால்களுக்கு மேலே கை மாறி ஓட்டுநரிடம் போகும். சில்லறை அதே வழியில் திரும்பும். வழியில் ஒரு பெசோகூடத் தங்காது. பிள்ளையை இருக்கையின் நடுவில் உட்கார வையுங்கள், முன்னால் போகும் காசும் பின்னால் வரும் சில்லறையும் அதன் கையைத் தொட்டுப் போகட்டும். ஊரான் காசு தன் உள்ளங்கையில் இரண்டு விநாடி இருந்து போவதற்குச் சமமான நேர்மைப் பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

2025 நிலவரப்படி குறைந்தபட்சக் கட்டணம் பழைய ஜீப்னியில் 13 பெசோ, புதிய வகையில் 15. குடியரசுச் சட்டம் 11314-இன்படி மாணவருக்கு 20% கழிவு. ஞாயிறும் விடுமுறையும் இதில் அடங்கும். பள்ளி அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும், காசு கொடுக்கும்போதே ‘எஸ்துத்யாந்தே’ என்று சொல்ல வேண்டும். சில்லறை வந்தபின் கேட்டால் காசு திரும்பி வராது. 500 பெசோ நோட்டை நீட்டாதீர்கள், வண்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கும். இறங்க ‘பாரா போ!’

6. சாப்பாட்டு மேசை

சாப்பிடும்போது யார் வந்தாலும் ‘காயின் போ தாயோ’ என்று அழைக்க வேண்டும். ‘சாப்பிடலாம் வாங்க’. தண்ணீர் கேன் போட வந்தவரையும் அழைக்க வேண்டும். அவர் ‘சிகே போ, சலாமாத்’ என்று மறுத்துவிடுவார்; அது இரு தரப்புக்கும் தெரிந்த நடைமுறை. பிள்ளை மற்றவர் வீட்டில் அப்படி அழைக்கப்பட்டால் உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டாம் தடவை அழைத்தால் உட்காரலாம்.

வாரத்தில் ஒரு வேளையாவது எல்லாரும் சேர்ந்து சாப்பிட நாள் குறியுங்கள். ஆண்டுதோறும் செப்டம்பரின் நான்காம் திங்கள் குடும்பத்தோடு உண்ணும் நாள் என்று 2012-ஆம் ஆண்டின் அறிவிப்பாணை 326 சொல்கிறது. அன்று அரசு அலுவலகங்களை முன்னதாகவே மூடுவதுண்டு; தனியார் நிறுவனத்தில் நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

வெளியூர் போய் வந்தால் ‘பசலூபோங்’, அதாவது ஊரிலிருந்து கொண்டுவரும் பரிசு. பிள்ளை தன் காசில் 50 பெசோ எடுத்துக் காவலாளிக்கோ யாயாவுக்கோ (பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர்) ஒரு பொட்டலம் பாஸ்தில்யாஸ் மிட்டாய் வாங்கட்டும். நீங்கள் வாங்கிப் பிள்ளை கையில் கொடுத்துக் கொடுக்கச் சொல்வது கணக்கில் சேராது.

7. ஞானப் பெற்றோர்: காகிதம், காசு, காலம்

கத்தோலிக்கக் குடும்பத்தில் திருமுழுக்கு நாளில் பிள்ளைக்கு ‘நீனோங்’ (ஞானத் தந்தை), ‘நீனாங்’ (ஞானத் தாய்) கிடைப்பார்கள். ஊரில் பெரியப்பா, மாமா பார்க்கும் வேலையை நகரத்தில் இவர்கள் பார்ப்பார்கள்.

வேண்டியவை: பிள்ளையின் பிறப்புச் சான்று, பெற்றோரின் திருமணச் சான்று இருந்தால் அதன் படி, ஞானப் பெற்றோர் பெயர்ப் பட்டியல், முன்னறிமுக வகுப்பில் கலந்துகொண்டதற்கான சீட்டு. உங்கள் பங்கை, அதாவது நீங்கள் சேர்ந்த ஆலய வட்டாரத்தை, விட்டு வேறு ஆலயத்தில் செய்தால் சொந்தப் பங்கின் அனுமதிக் கடிதமும் கேட்பார்கள். பிறப்பை 30 நாளுக்குள் உள்ளூர்ப் பதிவாளரிடம் பதிய வேண்டும். பிலிப்பைன்ஸ் புள்ளியியல் ஆணையத்தின் சான்று கைக்கு வரச் சில மாதம் பிடிக்கும். அதுவரை பதிவாளர் தரும் படி செல்லுமா என்று பங்கு அலுவலகத்தில் கேளுங்கள். ஆணையத்தின் அலுவலகத்தில் நேரில் வாங்கினால் ஒரு படி 155 பெசோ. போகும் முன் இணையத்தில் நேரம் பதிய வேண்டுமா என்று பார்த்துவிடுங்கள்.

ஞாயிறு கூட்டுத் திருமுழுக்கு மலிவு. தனியாகச் செய்தால் பல மடங்கு. பல பங்குகளில் முதல் இணைக்குப் பிறகு ஒவ்வொரு கூடுதல் ஞானப் பெற்றோருக்கும் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். அலுவலக நண்பர் இருபது பேரைப் பட்டியலில் போடுவது அங்கே சகஜம். நாலு பேர் போதும். பட்டியலில் இருப்பவர் பத்தாண்டு கழித்தும் பிள்ளையின் பெயரை நினைவு வைத்திருப்பாரா என்று பார்த்துப் போடுங்கள்.

திருச்சபை விதிப்படி ஞானப் பெற்றோர் உறுதிப்பூசுதல் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும், பொதுவாக 16 வயது நிறைந்திருக்க வேண்டும். மதுரையிலிருந்து வரும் இந்துச் சித்தப்பாவின் பெயர் ஏட்டில் ஏறாது. விருந்துக்கு முந்தின நாள் அவருக்கு இது தெரிய வந்தால் மனக்கசப்பு. இரண்டு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். திருமுழுக்கு வேண்டாத குடும்பங்களில் நெருங்கிய நண்பரையே நீனோங் என்று அழைக்க வைப்பதும் உண்டு.

8. ஆண்டில் எப்போது எது

ஜூனில் வகுப்பு தொடங்குவதற்கு முந்தின வாரம் அரசுப் பள்ளிகளில் ‘பிரிகாடா எஸ்குவேலா’. பெற்றோரும் அண்டை அயலாரும் சேர்ந்து பள்ளியைச் சுத்தம் செய்வார்கள், 2003-இலிருந்து நடக்கிறது. பிள்ளை தனியார் பள்ளியில் படித்தாலும் பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போகலாம். துடைக்கும் துணி, வாளி, கையுறை போதும், காசு கட்டாயமில்லை. ஊரார் கூடி வீட்டையே தோளில் தூக்கிப் போகும் ‘பாயனிஹான்’ படத்தைச் சுவரில் மாட்டுவதைவிட ஒரு பெஞ்சைத் துடைப்பது மேல்.

ஆகஸ்டு மொழி மாதம். பள்ளியில் மரபு உடையான பாரோங், சாயா உடுத்தி வரச் சொல்வார்கள். ஜூலையிலேயே திவிசோரியா சந்தையில் வாங்கிவிடுங்கள். கடைசி வாரத்தில் அளவும் இருக்காது, விலையும் ஏறிவிடும்.

நவம்பர் 1 கல்லறை நாள். கல்லறையைச் சுத்தம் செய்வதானால் அக்டோபரிலேயே முடியுங்கள்; பெரிய கல்லறைத் தோட்டங்களில் கடைசி நாட்களில் அனுமதிக்க மாட்டார்கள். கத்தி, மது, சீட்டுக்கட்டு, ஒலிபெருக்கி வாசலிலேயே நிற்கும். கூட்டம் லட்சக்கணக்கில் வரும் இடம், ஆகையால் பிள்ளையின் முன்கையில் உங்கள் தொலைபேசி எண்ணைப் பேனாவால் எழுதுங்கள். உருகும் மெழுகை உருட்டிப் பந்தாக்குவது அங்கத்துப் பிள்ளைகளின் விளையாட்டு, தடுக்காதீர்கள்.

டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது விடியற்காலைப் பூசைகள், ‘சிம்பாங் கபி’. பல ஆலயங்களில் முந்தின மாலையிலும் உண்டு. ஒன்பதையும் முடிப்போம் என்று பிள்ளையிடம் வாக்குக் கொடுக்க வேண்டாம். நாலாம் நாள் எழுந்திருக்காது. இரண்டு விடியற்காலை, மற்றவை மாலை. வாசலில் விற்கும் பிபிங்கா என்ற அரிசிக் கேக்கும் ஊதா நிறப் புத்தோ பும்போங்கும் பாதி ஈர்ப்பு. புத்தோ பும்போங் நம் புட்டுக்கு உறவு, மூங்கில் குழலில் வேகும்.

நட்சத்திர விளக்கு ‘பாரோல்’ கடையில் வாங்காமல் நவம்பரில் ஒரு சனிக்கிழமை செய்யுங்கள். 10 அங்குல மூங்கில் குச்சி 10, மூன்றரை அங்குலக் குச்சி 5, நூல், மெல்லிய ‘பப்பேல் தே ஹப்போன்’ தாள். ஐந்து குச்சியில் ஒரு நட்சத்திரம், இன்னொரு ஐந்தில் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளை மட்டும் கட்டுங்கள். பிறகு நடுவே குச்சிகள் குறுக்கிடும் ஐந்து இடத்திலும் குட்டைக் குச்சியைச் செருகினால் நட்சத்திரம் உப்பி நிற்கும். முனை கட்டும் முன் செருகினால் சட்டம் கோணும். குட்டைக் குச்சி நீளமானால் மூங்கில் முறியும். மாவுக் கஞ்சிப் பசையே தாளுக்கு நல்லது, ஆறியபின் தடவுங்கள். சூடாகத் தடவினால் தாள் சுருங்கிக் கிழியும்.

கிறிஸ்துமஸ் அன்று ஞானப் பெற்றோர் வீடுகளுக்குப் போனால் ‘அகினால்தோ’ உறை கிடைக்கும். மானோ முதலில், உறை பிறகு. கொடுத்தவர் முன்னால் பிரித்து எண்ணக்கூடாது. வாசல் தாண்டும்வரை பொறுக்காத பிள்ளைக்கு உறையை உங்கள் பையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

9. பல்லாங்குழி தெரிந்த வீட்டுக்கு

‘சுங்கா’ பலகையில் பக்கத்துக்கு ஏழு குழி, இரு முனையிலும் ஒரு பெரிய குழி. குழிக்கு ஏழாக 98 சோழி. பல்லாங்குழி ஆடிய பாட்டி ஊரிலிருந்து வந்தால் ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார். இரு பாட்டிகளுக்கும் பொதுமொழி இல்லாத வீட்டில் இதைவிட நல்ல முதலீடு கிடையாது. கோடு போட்டு மறிக்கும் ‘பத்தின்தெரோ’ நம் கிளித்தட்டுதான். அதற்கு இடம் வேண்டும். வாகன நிறுத்துமிடத்தில் சுண்ணக்கட்டி எடுக்கும் முன் நிர்வாக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

10. அளவு மீறினால் கசக்கும் மூன்று

‘ஹியா’ என்பது கூச்சமும் தன்மானமும் கலந்தது. ‘வலாங் ஹியா’, வெட்கம் கெட்டவன் என்று பிள்ளையைத் திட்டுவது அங்கே கடுமையான சொல். சபையில் சொல்லாதீர்கள், உறவினர் சொன்னாலும் தனியே கூப்பிட்டுத் தடுங்கள். 

‘ஊத்தாங் நா லோஓப்’ செய்ந்நன்றி. ஆசிரியருக்கு, யாயாவுக்கு, வெள்ளத்தில் அரிசி தந்த அண்டை வீட்டாருக்கு என்று பிள்ளை நன்றி பாராட்டப் பழகட்டும். ‘உனக்காக இவ்வளவு செய்தேனே’ என்று பெற்றோர் கணக்கு நீட்டத் தொடங்கினால் அது கடன் பத்திரமாகிவிடும். முதல் சம்பளத்திலிருந்தே குடும்பத்தைத் தாங்கித் தாங்கித் தேய்ந்துபோகும் மூத்த பிள்ளைகள் மணிலாவில் தெருவுக்குத் தெரு உண்டு.

‘பகிகிசாமா’ கூட்டத்தோடு ஒத்துப்போவது. சிறு வயதில் இனிக்கும். பதின்மூன்று வயதில் மின்சிகரெட்டை நீட்டும் நண்பனிடமும் இதே சொல் வரும். ஆகவே மறுக்கவும் மரியாதையாகப் பழக்குங்கள். வீட்டில் நீங்கள் இரண்டாம் அகப்பை சோறு வைக்கும்போது வயிறு நிறைந்த பிள்ளை தட்டை மறைத்து ‘ஹிந்தி நா போ, சலாமாத் போ’ என்றால், மூன்றாம் முறை வற்புறுத்தாமல் அகப்பையைக் கீழே வையுங்கள்.